காவல் நின்றவர்: பீட்டர் தங்கராஜ்

பள்ளிகொண்டாவில் பாலாற்றை ஆறு என்று நாங்கள் அழைப்பது பழைய மரியாதையின் பொருட்டேயாகும். 2021 நவம்பரில் இரு கரையும் புரள வெள்ளம் வந்ததைப் போல என்றேனும் ஒரு முறை அது தன் பெயரை நிலைநாட்டிக்கொள்ளும். மற்ற நாட்களில் அது ஒரு மணல்வெளி. அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் பிள்ளைகள் கால்பந்தும் கையுமாக அங்கே இறங்கிவிடுவர். இரண்டு ஜோடிச் செருப்புகளை இடைவெளி விட்டு வைத்துவிட்டால் அதுவே கோல் கம்பம்.

ஆட்டம் தொடங்குமுன் அன்றாடம் ஒரு சச்சரவு நிகழும். கோலில் யார் நிற்பது என்பதே அது. ஒருவரும் முன்வர மாட்டார். ஈற்றில், தாமதமாக வந்தவனோ, ஓடத் தெரியாதவன் என்று பெயர் எடுத்தவனோ, ஊருக்குப் புதியவனோ அங்கே நிறுத்தப்படுவான். அடித்தவன் பெயர் மறுநாள் வகுப்பறை வரை வரும். தடுத்தவன் பெயர் மணலிலேயே நின்றுவிடும். விட்டுவிட்டால் மாத்திரம் அவன் பெயரும் வகுப்பறைக்கு வந்து சேரும். முப்பதாண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவரும் நான் இந்த வழக்கில் ஒரு மாற்றத்தையும் கண்டதில்லை.

அரபியில் கோல் காப்பாளரை ‘ஹாரிஸுல் மர்மா’ என்பர். ‘மர்மா’ என்றால் எறியப்படும் பொருள் சென்று சேரும் இடம், எய்பவனின் இலக்கு. ‘ஹாரிஸ்’ காவலன். நம் பிள்ளைகளுக்கு ஹாரிஸ் என்று பெயரிடுகிறோமே, அது பெரும்பாலும் ‘ஸா’ என்னும் எழுத்தில் முடியும் வேறொரு சொல். அதன் பொருள் உழவன். காவலனோ ‘ஸீன்’ எழுத்தில் முடிபவன். தமிழில் எழுதும்போது உழவனும் காவலனும் ஒருவராகிவிடுகின்றனர். இருவருமே பிறர் பசியாறவும் உறங்கவும் தாம் விழித்திருப்பவர்கள் என்பதால் இந்தக் குழப்பத்தை நான் பெரிதாகத் திருத்துவதில்லை.

இந்தக் காவல் பணியில் ஆசியாக் கண்டமே அறியும்படி நின்ற ஒரு தமிழரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் பெயர் பீட்டர் தங்கராஜ். கல்கத்தாவிலே முதியோர் இன்றும் அவர் பெயரைச் சொல்வர். தமிழ் வழங்கும் நம் ஊர்களிலோ பத்துப் பேரைக் கேட்டால் ஒருவர் அறிந்திருப்பது அரிது. நான் அவரை அறிந்ததும் நூல்களின் வாயிலாக அன்று. எங்கள் ஊரில் தோல் வணிகத்தின் பொருட்டு இளமையில் கல்கத்தாவில் பல ஆண்டு தங்கியிருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். மாலை வேளைகளில் கடையை அடைத்துவிட்டு மைதானத்துக்குச் சென்று, முஹம்மதன் ஸ்போர்ட்டிங் ஆடும் ஆட்டங்களைப் பார்ப்பாராம். அவ்வணியின் கம்பங்களுக்கு நடுவே தங்கராஜ் நின்ற நாளில், வங்காளிகளும் உருதுக்காரர்களும் நிறைந்த அந்தக் கூட்டத்தில் தாம் ஒருவரே எழுந்து நின்று தமிழிலே கூவியதாகச் சொல்வார். அது அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, சொல்லும்போதெல்லாம் பெரியவரின் முகம் மலரும்.

முஹம்மதன் ஸ்போர்ட்டிங் என்ற பெயர் நம் முன்னோர்க்கு எத்தகையது என்பதை இளைய தலைமுறை அறிய வேண்டும். 1934 வரை கல்கத்தா லீக் பட்டத்தை இந்தியரின் கழகம் எதுவும் வென்றதில்லை. ஆங்கிலேயப் படைப்பிரிவுகளும் வெள்ளையர் கழகங்களுமே வென்று வந்தன. அவ்வாண்டு முஹம்மதன் ஸ்போர்ட்டிங் அதனை வென்றது. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. 1940-இல் டெல்லியில் நடந்த டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை 2-1 எனத் தோற்கடித்தது. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய அந்தக் கோப்பை இந்தியர் அணியொன்றின் கைக்கு வந்தது அதுவே முதல் முறை. பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் வடமேற்கிலிருந்தும் ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்த்த கழகம் அது. பல அணியினர் வெறுங்காலால் ஆடிய காலத்தில், மழைச் சேற்றில் பூட்ஸ் அணிந்து ஆடினால் கிட்டும் பயனை அது அறிந்திருந்தது.

அந்தப் பூட்ஸ் தோலால் ஆனது, அந்தப் பந்தும் தோலால் ஆனது என்பதை எங்கள் பகுதி மக்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆயினும் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கோல் காப்பாளரைப் பற்றிப் பேச இயலாது. இன்றைய பந்து செயற்கைப் பொருளால் ஆனது. நீர் பட்டால் வழிந்துவிடும். அக்காலத்துப் பந்து, பதனிட்ட தோலைத் துண்டு துண்டாகத் தைத்து, உள்ளே ரப்பர்ப் பையை வைத்து ஊதி, வாயை வாரால் இறுக்கிக் கட்டியது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோல் நீரை எப்படிக் குடிக்கும் என்பதைத் தோல் ஷாப்பில் ஒரு நாள் வேலை பார்த்தவரும் அறிவர். விதிப்படி பந்தின் எடை 1937 முதல் 14 அவுன்சிலிருந்து 16 அவுன்சு வரை. அது ஆட்டம் தொடங்கும்போது உள்ள எடை. கல்கத்தாவின் ஆடி மழையில் அரைமணி நேரம் உருண்ட பின் அந்தப் பந்து என்ன கனத்தது என்பதை அதைப் பிடித்த கைகளே அறியும். அக்காலக் காப்பாளர்கள் பெரும்பாலும் வெறுங்கையர். கம்பங்களின் இடைவெளி 24 அடி, உயரம் 8 அடி. பெனால்டி உதைக்கு நடுவே இருப்பது 36 அடியே. அத்தனை பரப்பையும் காக்க ஒருவருக்குத் தரப்பட்டிருப்பது இரண்டு கைகள். 1912-க்கு முன்பாயினும் தம் அணியின் பாதி மைதானம் முழுதும் பந்தைக் கையால் தொடும் உரிமை காப்பாளருக்கு இருந்தது. இங்கிலாந்தில் விதி வகுப்போர் அவ்வாண்டு அந்த உரிமையைப் பெனால்டி எல்லைக்குள் சுருக்கிவிட்டனர்.

தங்கராஜ் 1935 டிசம்பரில் ஹைதராபாத்தில் பிறந்தார். அங்கே அடுத்துள்ள செகந்திராபாத் கண்டோன்மென்ட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. சென்னைப் படையோடு சென்றவர்களின் வழிவந்தோர் அவர்களுள் பலர். பந்துக்குப் பேர்போன நிலம் அது. பின்னாளில் தங்கராஜுடன் ஆடிப் புகழ்பெற்ற துளசிதாஸ் பலராமும் செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவரே. மார்னிங் ஸ்டார், பிரெண்ட்ஸ் யூனியன் என்னும் உள்ளூர்க் கழகங்களில் தங்கராஜ் ஆடினார். 1953-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அவருக்கு இடமாயிற்று. வேலூர் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து பட்டாளம் சென்ற எத்தனையோ பேர் மிதித்த மண் அது.

வியப்புக்குரிய செய்தி யாதெனில், அவர் தொடக்கத்தில் கோல் காப்பாளர் அல்லர். முன்வரிசையின் நடுவே நின்று கோல் அடிக்கும் இடத்தில் ஆடியவர். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், நீண்ட கைகள். பின்னரே அவர் கம்பங்களுக்கு நடுவே சென்றார். அடிக்கும் இடத்தை விட்டுத் தடுக்கும் இடத்துக்குப் போவது எங்கள் பாலாற்று மணலில் தண்டனையாகக் கருதப்படும். தங்கராஜுக்கு அது வாழ்க்கையாயிற்று. அடிப்பவன் எந்த இடத்தில் காலைத் திருப்புவான், எப்போது தயங்குவான் என்பதை அடித்துப் பழகியவரே நன்கு அறிவார் என்பது என் எண்ணம். ஆசிரியத் தொழிலிலும் இதனைக் கண்டிருக்கிறேன். இளமையில் குறும்பு செய்யாதவர் நல்ல வகுப்பாசிரியர் ஆவதில்லை.

1955-இல் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் டூரண்ட் கோப்பையை வென்றது. நாடு விடுதலை பெற்ற பின் படைப்பிரிவு ஒன்று அதனை வெல்வது அதுவே முதல் முறை. 1958-இல் மறுபடியும் வென்றது. இரு வெற்றிகளிலும் தங்கராஜுக்குப் பங்குண்டு. 1960-ஆம் ஆண்டு சந்தோஷ் கோப்பையை வென்ற சர்வீசஸ் அணிக்கு அவரே தலைவர்.

இடையில் 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக். அதன் அருமையை உணர வேண்டுமாயின் நான்காண்டு பின்னே செல்ல வேண்டும். 1952-இல் ஹெல்சின்கியில் குளிரிலும் ஈரத்திலும் ஆடிய நம் அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றது. நம்மவரில் பலர் வெறுங்காலர். பத்துக் கோல்களும் நுழைந்தது ஒருவரைக் கடந்துதான். ஆனால் முன்னால் நின்ற பதின்மரையும் கடந்த பிறகே அவை அவரிடம் வந்தன. அவர் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அந்தத் தோல்விக்குப் பின்னரே பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. அந்த வடு ஆறாத நிலையில் மெல்போர்ன் சென்ற அணி, ஆஸ்திரேலியாவை 4-2 என அதன் மண்ணிலேயே வென்றது. நெவில் டிசூஸா மூன்று கோல்கள் அடித்தார். நான்காம் இடத்துடன் அணி திரும்பியது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதற்கு மேல் சென்றதில்லை. தங்கராஜும், பம்பாயில் ஆடிய எஸ். எஸ். நாராயணும் அவ்வணியின் காப்பாளர்கள். அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியின் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் லெவ் யாஷின்; உலகமே பிற்காலத்தில் தலைசிறந்த காப்பாளர் என்று போற்றியவர். நம் தங்கராஜுக்கு அப்போது வயது இருபத்தொன்று கூட நிரம்பவில்லை. 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளர் என்ற பெயர் அவருக்குக் கிட்டியது. 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் அவர் அணியில் இருந்தார். அங்கே பிரான்சை 1-1 எனச் சமன்செய்த அணி அது.

இனி நம் சிந்தைக்குரிய இடத்துக்கு வருவோம். தங்கராஜை உருவாக்கிய காலத்தைச் சொல்லும்போது ஸையித் அப்துல் ரஹீம் ஸாஹிபைச் சொல்லாமலிருப்பது பெரும் பிழை. 1909-இல் பிறந்த ரஹீம் ஸாஹிப் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்துப் பட்டதாரி. காச்சிகுடா, சாதர்காட் முதலிய இடங்களின் பள்ளிகளில் பாடம் சொன்னவர். 1950 முதல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியைப் பயிற்றினார். அவ்வணி 1950 தொடங்கி ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணியின் பயிற்சியாளரும் அவரே. 1951 புதுடெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956-இல் ஒலிம்பிக் நான்காம் இடம், 1962-இல் ஜகார்த்தாவில் மறுபடியும் தங்கம் என மூன்றும் அவர் காலத்தவை. வகுப்பறையில் முன்வரிசை மாணவனையும் பின்வரிசை மாணவனையும் ஒரே கண்ணால் பார்க்கப் பழகியவர் ஆதலின், களத்திலும் யாரை எங்கே நிறுத்துவது என்பதில் அவர் தவறியது குறைவு.

1962 ஜகார்த்தா ஆட்டங்கள் இந்தியருக்கு இனிமையான சூழலில் நடக்கவில்லை. இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசிய அரசு அனுமதி மறுத்தது. அவ்விரு நாடுகளும் இல்லாத போட்டியை ஆசிய விளையாட்டு என்று அழைக்கலாகாது என இந்தியரான ஜி. டி. சோந்தி என்னும் விளையாட்டு நிர்வாகி வாதிட்டார். அதனால் சினமுற்ற கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. இந்திய வீரர்கள் எங்கே தோன்றினாலும் கூச்சல் எழுந்தது. அரசியலார் மூட்டிய நெருப்பில் ஆட்டக்காரர் வெந்தனர்.

முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 2-0 எனத் தோற்றது. பின்னர் தாய்லாந்தை 4-1 எனவும், ஜப்பானை 2-0 எனவும் வென்றது. அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என வென்றபோது கோலில் நின்றவர் பிரத்யூத் பர்மன். தங்கராஜ் சளிக்காய்ச்சலில் படுத்திருந்தார். இறுதியாட்டத்தில் எதிரணி மறுபடியும் தென்கொரியா.

ரஹீம் ஸாஹிப் அப்போது எடுத்த முடிவைப் பற்றி நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பர்மன் நன்றாகவே ஆடியிருந்தார். வென்று வந்த காப்பாளரை மாற்றுவது எந்தப் பயிற்சியாளரும் அஞ்சும் செயல். காய்ச்சல் தணிந்து எழுந்தவரை நிறுத்தி, அவர் ஒரு பந்தை நழுவவிட்டால் பழி முழுதும் மாற்றியவர் தலைமேல் விழும். ஆயினும் கொரியர் உயர்த்தி அடிக்கும் பந்துகளுக்கு உயரமான காப்பாளரே தேவை எனக் கருதிய ரஹீம் ஸாஹிப் தங்கராஜையே நிறுத்தினார். அதே நாளில் இன்னொரு துணிவும் செய்தார். ஜர்னைல் சிங் பின்வரிசைத் தடுப்பாளர். தலையில் காயம்பட்டுத் தையல் போட்டிருந்த அவரை முன்வரிசையில் ஆட அனுப்பினார். காவல் காத்தவரை அடிக்க அனுப்பியதும், அடிக்கும் இடத்திலிருந்து காவலுக்கு வந்தவரைக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தியதும் ஒரே நாளில் நிகழ்ந்தன.

1962 செப்டம்பர் 4. செனாயன் அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். கூட்டம் முழுதும் இந்தியாவுக்கு எதிர். அந்தக் கூச்சலின் நடுவே ஒரு மூலையிலிருந்து மட்டும் இந்தியாவுக்கு ஆதரவான குரல் கேட்டதாகவும், அது பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களுடையது என்றும் நம் ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளனர். சுனி கோஸ்வாமி தலைவர். தங்கராஜுக்கு முன்னே சந்திரசேகரும் திரிலோக் சிங்கும் அருண் கோஷும். நடுவே பிரசாந்த சின்ஹாவும் கோவாவின் பிராங்கோவும். முன்னே பி. கே. பானர்ஜி, கோஸ்வாமி, ஜர்னைல், பலராம், ஹைதராபாத்தின் யூசுப் கான். இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறித்தவர் என்று நான் எண்ணிப் பார்ப்பது இன்றைய பழக்கம். அன்று அவர்கள் எண்ணியிருப்பார்களா என்பது ஐயமே.

முதல் இருபது நிமிடங்களுக்குள் பானர்ஜி ஒன்றும் ஜர்னைல் ஒன்றுமாக இரண்டு கோல்கள் விழுந்தன. இரண்டு கோல் முந்திய அணியின் காப்பாளர் நிலை ஒருபோதும் எளிதன்று. அடித்தவர்கள் தம் கடனைச் செய்து முடித்துவிட்டனர்; எஞ்சிய எழுபது நிமிடமும் அவர் கணக்கில் எழுதப்படும். இழப்பதற்கு வேறொன்றும் இல்லாத எதிரணி மேன்மேலும் ஏறி வரும். கொரியர் அவ்வாறே வந்தனர். காய்ச்சலிலிருந்து எழுந்த அந்த உடம்பு எழுபது நிமிடத்தில் ஏறத்தாழ முழுவதையும் ஒன்றும் விடாமல் நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ஒரு பந்து உள்ளே போயிற்று. அதற்குமேல் ஒன்றும் போகவில்லை. 2-1. தங்கம் நமக்கு. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றது அதுவே கடைசி முறை.

அந்த நாட்களில் ரஹீம் ஸாஹிபின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11-இல் அவர் மறைந்தார். ஜகார்த்தாவுக்குப் பின் ஒன்பது மாதங்களே அவருக்கு மிச்சமிருந்தன.

தங்கராஜின் பிற்காலத்தைச் சுருங்கவே சொல்லலாம். கல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களான முஹம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பாகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றிலும் அவர் ஆடினார். ஒரு கழகத்துக்காக மறு கழகத்தாரோடு உறவு முறித்துக்கொள்ளும் ஊர் அது. அங்கே மூன்று தரப்பினரும் ஒருவரைத் தம்மவர் என்று கொண்டாடியது சிறு செய்தியன்று. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டிலும் அவர் ஆடினார். அங்கே அணி சோபிக்கவில்லை. 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். 1971-இல் ஆட்டத்தை விட்டார். கோவாவில் வாஸ்கோ கழகத்துக்குப் பயிற்சி அளித்தார். இறுதியில் எஃகு நகரமாகிய பொக்காரோவில் இளைஞர்களைப் பயிற்றி, அங்கேயே தங்கிவிட்டார். 2008 நவம்பர் 24 அன்று அங்கே அவர் காலமானார். வயது 72.

எங்கள் பெரியவர் அதற்கு முன்பே இறையடி சேர்ந்துவிட்டார். ஆகவே அந்தச் செய்தியை அவரிடம் சொல்லும் வாய்ப்பு எனக்கு இல்லாமற் போயிற்று.

சென்ற மாதம் ஒரு மாலை பாலாற்று மணலில் கோலில் நிறுத்தப்பட்டிருந்த சிறுவனிடம் இவ்வரலாற்றைச் சொன்னேன். பேரணாம்பட்டிலிருந்து குடிவந்த குடும்பத்துப் பிள்ளை. வழக்கம்போல் புதியவன் என்பதால் அங்கே நின்றான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த ஒரு கோல் எந்தப் பக்கமாப் போச்சு, ஹஜ்ரத்?” என்றான். அடித்தவர் யார் என்று அவன் கேட்கவில்லை. அதற்குள் எதிர்ப்பக்கத்தார் பந்தோடு ஓடி வந்தனர். அவன் என் பக்கம் திரும்பாமலே இரண்டடி முன்னே நகர்ந்து நின்றான்.